யாரும் தள்ளாமல் எண்ணூர் வரை

1

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, இங்கிலாந்தில் என் மகன் வீட்டுச் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டு நின்றேன். மகனும் மருமகளும் பேத்தியும் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும்வரை ஒரு கதவும் திறக்காது. வெயில் ஏறினால்தானே, அது வேறு கதை. அப்போது போன் அடித்தது. ராயபுரத்திலிருந்து என் கொழுந்தன் சூசை வீடியோவில் வந்தான். முகம் தெரியவில்லை. ஒரு சக்கரமும் அவன் முழங்காலும் தெரிந்தன.

"அண்ணி, நீ வாயத் தொறக்காதே. கேளு" என்றான்.

கேட்டேன். முதலில் ஒரு இருமல். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு இருமல். பிறகு தையல் மிஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம், முதலில் விட்டுவிட்டு, அப்புறம் விடாமல். என் கை தானாகப் போய் அடுப்பை அணைத்தது. பல வருஷமாக எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் மூச்சில்லாமல் கிடந்த காரின் சத்தம் அது.

"ஓடுதாடா?"

"ஓடுதாவா? இன்னா கேள்வி கேக்கறே! பாடுது அண்ணி, பாடுது!"

நான் மாடிப்படி ஏறினேன். முழங்கால் வலி அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை. மகன் சேவியரின் அறைக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டில் அப்படித் தட்டுவது பெரிய குற்றம். அவன் பதறிப்போய்த் திறந்தான்.

"வண்டி ஓடிருச்சுடா. எனக்கு டிக்கெட் போடு."

அவன் கண்ணைக் கசக்கினான். நான் சொன்னது அவனுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் காலமான பிறகு சேவியர் என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனான். போன நாளிலிருந்து, ஒரேயடியாக ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவனும் ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் என் தொல்லை தாங்காமல், "சரிம்மா, நம்ம வண்டி ஓடட்டும், அப்புறம் நீ போ" என்றான். கூடவே சிரித்துக்கொண்டு ஒரு நிபந்தனையும் போட்டான். "சும்மா கொட்டாயிலேயே உறுமினா போதாது. ராயபுரத்துல கிளம்பி எண்ணூர் வரைக்கும் போகணும். ஒருத்தரும் தள்ளக் கூடாது."

அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. "வாக்குதானே?" என்று கேட்டேன். "வாக்குதாம்மா" என்றான். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் இருந்தேன்.

2

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி நம் கோயிலின் பங்கு மலருக்கு எழுதித் தரச் சொல்லி நம் சாமியார் கேட்டார். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். அவசரம் இல்லை, படிக்கிறவர்களும் மெதுவாகப் படிக்கட்டும்.

வெளிநாடு என்றால் இங்கே இருப்பவர்கள் குளிரைப் பற்றிக் கேட்கிறார்கள். குளிர் ஒன்றும் பெரிதில்லை, நாலு சட்டை போட்டால் தீர்ந்தது. என்னைப் படுத்தியது வேறு. என் மருமகள் ரோஸி தூத்துக்குடிப் பெண், தங்கமானவள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "அத்தே, நீங்க ஒண்ணும் செய்யாண்டாம், சும்மா இருங்க" என்பாள். அன்பாகத்தான் சொல்வாள். அப்புறம் கதவு சாத்தும் சத்தம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஐஸ்பெட்டியும் நானும்தான். வாசலுக்குப் போய் நிற்பேன். தெருவில் ஆள் இருக்காது. பின்கட்டுக்குப் போவேன். மறுபடி வாசலுக்கு வருவேன். இந்த உடம்பு வேலை செய்தே வளர்ந்தது. சும்மா இருப்பதற்குத்தான் எனக்குத் தெம்பு போதவில்லை.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவருடைய பென்ஷன் எனக்கு வருகிறது. வருஷத்துக்கு ஒரு முறை நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஓர் அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சேவியர் லீவு போட்டு என்னை ரயிலில் இந்தியத் தூதரகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவான். கண்ணாடிக்குப் பின்னால் தமிழ் தெரிந்த ஒரு பெண் இருப்பாள். என் பாஸ்போர்ட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், திரும்பவும் பாஸ்போர்ட்டைப் பார்ப்பாள். ஒரு தடவை, "அந்த ஞானமேரி நீங்கதானா? சரியாத் தெரியலையே" என்றாள்.

"செத்தவளாம்மா ரயிலேறி வந்து உன் வரிசையில நிப்பா?" என்று கேட்டேன். சேவியர் என் கையைக் கிள்ளினான். அந்தப் பெண் சிரிக்கவே இல்லை, ஆனால் முத்திரை விழுந்துவிட்டது. வெளியே வந்ததும் நான் நினைத்துக்கொண்டேன்: ராயபுரத்தில் என்றால் நான் உயிரோடு இருப்பது தெருவுக்கே தெரியும். குழாயடியில் என் சத்தம் கேட்டால் போதும்.

பேத்தி ஏஞ்சல் சின்னவளாக இருந்தபோது சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போனாள். வந்ததும் என் முன்னால் நிமிர்ந்து நின்று, "பாட்டி, நீங்கள் உணவு உண்டீர்களா?" என்று ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலக் கேட்பாள். நான், "துன்னுட்டேன்டி கண்ணு" என்பேன். அவள் அதை அப்படியே வகுப்பில் எழுதிவிட்டாள். டீச்சர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார்.

"பாட்டி, அது தமிழ் இல்லையாம்."

"உங்க டீச்சரம்மாவ காசிமேட்டுக்கு வந்து, 'ஐயா, மீன் என்ன விலை'ன்னு அவங்க தமிழ்ல கேக்கச் சொல்லு. ரெட்டை விலை சொல்லுவான். எங்க தமிழுக்கு அங்க மரியாத ஜாஸ்தி."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதெல்லாம் அப்போது. இப்போது அவள் பெரிய பெண். வகுப்பு நின்றுவிட்டது. அறைக் கதவு சாத்தியிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் நாலு பேரும் உட்கார்ந்திருப்போம், மூன்று பேர் போனைப் பார்ப்பார்கள், நான் அவர்களைப் பார்ப்பேன்.

அங்கே தங்குவதற்கு எனக்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். ரொம்ப நாள் அந்த நாட்டுக்கு வெளியே இருந்துவிட்டால் அது செல்லாமல் போய்விடும். மறுபடி வாங்குவது குதிரைக்கொம்பு. அதனால்தான் சேவியருக்குப் பயம். "நீ போனா போனதுதாம்மா. அங்க உனக்கு ஏதாவது ஆனா யாரு இருக்கா? சித்தப்பாவுக்கே எழுபது ஆச்சு" என்பான். அவன் பயத்தில் தப்பில்லை. எனக்கும் அதற்குப் பதில் தெரியாமல்தான் இருந்தது.

3

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் தெருவில் பழையவர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்குத் தெரியாது.

அது இங்கிலாந்தில் செய்த சின்னக் கார். இரண்டு பெரிய யுத்தங்களுக்கு நடுவில், அங்கே ஓரளவு சம்பளம் வாங்குகிற குடும்பங்கள் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று ஏறிப் போவதற்காகச் செய்தது. பேபி கார் என்பார்கள். கம்பிச் சக்கரம், துணிக் கூரை, இரண்டே கதவு. கதவோரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கை மடங்கிக் கிடக்கும். திரும்பும்போது அது வெளியே நீண்டு வழி காட்டும். மழை பெய்தால் அந்தக் கை உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், அப்போது நாம் நம் கையை நீட்ட வேண்டும். என் மாமனார் ஒரு வெள்ளைக்காரரிடம் டிரைவராக இருந்தார். அந்த மனிதர் நாட்டை விட்டுக் கப்பலேறும்போது வண்டியை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இவர் அதை என் வீட்டுக்காரருக்கு விட்டுப் போனார்.

கார் வைத்திருந்த வீடு என்று சொன்னால் பெரிய வீடு என்று நினைத்துவிடாதீர்கள். ஓடு போட்ட இரண்டு அறை, பக்கத்தில் தகரக் கொட்டகை. கொட்டகையில் கார், காருக்குப் பின்னால் விறகு. ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் காரில் போய் இறங்கியவள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

பூசை முடிந்ததும் எண்ணூருக்குப் போவோம். ஆறு கடலில் சேரும் இடத்தில் மணலில் உட்கார்ந்து, கொண்டுபோன சோற்றைச் சாப்பிடுவோம். போகும்போது வண்டி ராஜாவாகப் போகும். திரும்பும்போது வெயிலில் இஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பு சூடேறி எங்கேயாவது நின்றுவிடும். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை விட மாட்டார். சூசையும் சேவியரும் இறங்கித் தள்ளுவார்கள். சேவியர் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். திருவொற்றியூர் பஸ்ஸில் அவன் வகுப்புப் பிள்ளைகள் போவார்கள். ஜன்னலில் தலையை நீட்டி, "தள்ளுவண்டி சேவியரு! டேய் தள்ளுவண்டி!" என்று கத்துவார்கள். இவன் குனிந்த தலை நிமிராமல் தள்ளுவான். வீட்டுக்கு வந்தால் சாப்பிட மாட்டான்.

பிறகு படித்தான், கார் செய்கிற தொழிற்சாலையிலேயே இஞ்சினீயர் ஆனான், கார் பிறந்த நாட்டுக்கே போனான். ஒருத்தரும் தள்ள வேண்டாத கார்களைச் செய்கிறான். அவன் எதை விட்டு ஓடினான் என்று எனக்குத் தெரியும்.

4

ஆனாலும் அந்த வண்டியை அவனால் விட முடியவில்லை, அதுதான் வேடிக்கை. அங்கே இந்த மாதிரிப் பழைய கார்களுக்குச் சங்கம் இருக்கிறது, சந்தை இருக்கிறது. ஒரு புல்வெளியில் கிழவர்கள் துண்டு விரித்துத் துருப்பிடித்த சாமான்களை விற்பார்கள். சேவியர் என்னையும் கூட்டிக்கொண்டு போவான். சூசை ராயபுரத்திலிருந்து போனில் இன்னது வேண்டும் என்பான், இவன் தேடி வாங்குவான், நான் கொஞ்ச நாளைக்கு ஊருக்கு வந்துபோகும்போது பெட்டியில் எடுத்து வருவேன். மாமனாரும் என் வீட்டுக்காரரும் அந்த வண்டிக்குப் போட்டிருந்த ஒட்டு வேலையெல்லாம் கழன்று, ஒன்றொன்றாக அசல் சாமான் ஏறியது.

ஒருதரம் சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே என் புடவையில் சுற்றி ஒரு கார்புரேட்டர்.

"என்னம்மா இது?"

"கார் சாமான் சார்."

"கார் எங்க இருக்கு?"

"ராயபுரத்துல, எங்க வூட்டுல."

"கார் இங்க இருக்கு, சாமான் மட்டும் லண்டன்லருந்தா?"

"காரு பொறந்த வூடு அதுதானே சார். பொண்ண எந்த ஊர்ல கட்டிக் குடுத்தாலும் சீர்வரிசை பொறந்த வூட்லருந்துதானே வரணும்?"

அவர் கார்புரேட்டரைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். "சீர்வரிசையா? நல்லாச் சுத்தி எடுத்துட்டுப் போங்க, எண்ணெய் ஒழுகுது" என்று பெட்டியைத் தள்ளிவிட்டார்.

அதற்காக வேலை சுளுவாக நடந்தது என்று நினைக்காதீர்கள். சூசை துறைமுகப் பட்டறையில் பிட்டராக இருந்தவன். வாய் அதிகம், பொறுமை குறைவு. சேவியருக்கும் அவனுக்கும் போனில் நடந்த சண்டைகளை எழுதினால் இந்த மலர் போதாது. கடைசிச் சண்டை பெயின்ட்டுக்காக வந்தது. அந்தக் கார் பிறக்கும்போது கறுப்பும் மெரூனும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். அதே நிறம்தான் அடிக்க வேண்டும் என்றான் சேவியர். சூசை சரி சரி என்றான். நான் ஊருக்கு வந்து பார்த்தால் வண்டி சாம்பல் நிறத்தில் நிற்கிறது. கப்பலுக்கு அடிக்கிற சாம்பல்.

நம் தெருவில் அந்த நிறத்தைத் தெரியாதவர்கள் இல்லை. துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டு ஜன்னல் கம்பி, கட்டில் கால், தண்ணீர்த் தொட்டி மூடி எல்லாம் ஒருகாலத்தில் அதே சாம்பல்தான். எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

வீடியோவில் பார்த்த சேவியர் தலையில் அடித்துக்கொண்டான். "சித்தப்பா, மெரூன் சொன்னேனே!"

"உன் மெரூனு இங்க ஒரு மழைக்குத் தாங்குமா? உப்புக் காத்து துன்னுடும். இது கடல்லயே நிக்கிற பெயின்ட்டுடா. உன் பேரன் காலத்துக்கும் நிக்கும்."

"பார்க்கறதுக்கு வாட்டர் டேங்க் மாதிரி இருக்கு."

"உனுக்கு பேஜாரா இருந்தா கண்ண மூடிக்கோ!"

அத்தோடு இரண்டு பேரும் ஒரு மாதம் பேசவில்லை. நான் இரண்டு பக்கமும் நல்ல வார்த்தை சொல்லி வைத்தேன். வண்டி மெரூனாக இருந்தால் என்ன, சாம்பலாக இருந்தால் என்ன, எனக்கு அது ஓட வேண்டும்.

5

சேவியர் டிக்கெட் போட்டான். போய் வருகிற டிக்கெட். "எண்ணூர் வரைக்கும் போகட்டும், அப்புறம் பேசுவோம்" என்றான். வழியனுப்ப ஏஞ்சலும் வந்திருந்தாள். கட்டிப்பிடித்தாள். சீக்கிரம் வா என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை காலை நாள் குறித்தோம். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். தெருவே கூடிவிட்டது. காஞ்சனா சாமந்தி மாலை கொண்டுவந்து வண்டியின் மூக்கில் போட்டாள். அவள் எங்கள் எதிர்வீடு, காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்கிறவள். தோளைப் பார்த்தாலே தெரியும், ஐஸ் கட்டியைத் தனியாளாகத் தூக்குவாள். அவளே நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். சாமியார் அதைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்தார்.

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் கொட்டகை முன்னெல்லாம் தெரு மட்டத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் பழைய ரோட்டைக் கொத்தாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, ரோடு எங்கள் முழங்கால் உயரத்துக்கு ஏறிவிட்டது. வண்டி பள்ளத்திலிருந்து பலகை மேல் ஏறித்தான் ரோட்டுக்கு வர வேண்டும். பலகையை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தேன். "நேத்தே ஏத்தி எறக்கிப் பாத்துட்டேன் அண்ணி, ஆடு மாதிரி ஏறும். நீ உக்காரு" என்றான் சூசை.

நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். போனை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் சேவியர் இருந்தான், விடியாத குளிரில் போர்வை சுற்றிக்கொண்டு. சூசை முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றினான். இரண்டாவது சுற்றிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. அவன் ஓடிவந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். எலுமிச்சம்பழம் நசுங்கியது. முன்சக்கரம் பலகையில் ஏறியது. நன்றாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது யாரோ, "ஐலசா!" என்று குரல் கொடுத்தார்கள்.

புதுப் படகை முதல் தடவை தண்ணீரில் இறக்கும்போது கரையில் நிற்கிற எல்லோரும் கை வைத்துத் தள்ளுவது நம் பக்கத்து வழக்கம். தள்ள ஆள் போதும் என்றாலும் கை வைப்பார்கள். 'கை வைக்காதவன் கண் வைக்கிறான்' என்பது பேச்சு. மாலை போட்ட வண்டி, சாமியார் தெளித்த தீர்த்தம், பள்ளத்திலிருந்து மேலே ஏறுகிற பலகை. அவர்களுக்கு அது காராகத் தெரியவில்லை. படகாகத்தான் தெரிந்திருக்கிறது. காஞ்சனா தோளைக் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். பூசைக்கு உடுத்தி வந்த கிழவிகள்கூட ஒரு விரலாவது வைத்தார்கள்.

"அம்மா! தள்றாங்க! தள்ளக் கூடாதுன்னு சொல்லு!" என்று போனுக்குள்ளிருந்து சேவியர் கத்தினான்.

"ஐயோ, கைய எடுங்கடா! கைய எடுங்கடி! வேணாம்!" என்று நான் கத்தினேன். கிழவி சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று நினைத்து இன்னும் வேகமாகத் தள்ளினார்கள். வண்டி துள்ளிக்கொண்டு ரோட்டில் போய் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தள்ளியாச்சு" என்றான் சேவியர்.

சூசை போனைப் பிடுங்கினான். "டேய், இஞ்சினு ஓடிகினு கீது, காது கேக்கலியா? இது தள்ளுனதுல சேராது. சும்மா தொட்டாங்க!"

"தொட்டதுக்கா சித்தப்பா காஞ்சனாக்காவுக்கு அப்படி வேர்க்குது?"

"அவளுக்கு சோறு துன்னாலே வேர்க்கும்!"

"யோவ் சூசை!" என்று காஞ்சனா இடுப்பில் கை வைத்தாள். "உன் டப்பா வண்டிக்குத் தோளு குடுத்தேன் பாரு, என்னிய சொல்லணும். இன்னா மேரிம்மா, ஏன் அழுவுறே? நல்ல காரியம்தானே பண்ணோம்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "நல்ல காரியம்தான்டி" என்றேன். சேவியர் போனை வைத்துவிட்டான்.

"இன்னா அண்ணி, எறங்குறியா?" என்று சூசை கேட்டான்.

"எதுக்கு எறங்கணும்? எண்ணூருக்கு வுடு வண்டிய."

6

எண்ணூர் நெடுஞ்சாலையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள், நான் விவரிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. நடுவில் எங்கள் வண்டி, யானைக்கூட்டத்துக்குள் நுழைந்த ஆட்டுக்குட்டிபோலப் போனது. லாரி டிரைவர்கள் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் அவ்வளவு பெரிய ஹாரனை அடித்து வணக்கம் வைத்தார். நானும் கும்பிட்டேன்.

ரோட்டில் ஏறிய பிறகாவது ஒருத்தர் கையும் படாமல் போய்ச் சேர வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். திருவொற்றியூர் தாண்டும்போது வெயிலில் பம்பு சூடேறி வண்டி நின்றது. சூசை ஈரத் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவன் மூடியைத் திறப்பதற்குள் ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடிவந்தார்.

"ஆயா, நீ உக்காரு, நான் தள்றேன்."

"கிட்ட வராதேப்பா! தொடாதே!"

"ஐயே, காசு வாணாம் ஆயா. சும்மாதான் தள்றேன்."

"காசுக்கு இல்லப்பா. நீ கை வச்சியானா எனக்கு ஊரு இல்லாம பூடும்!"

அவர் சூசையைப் பார்த்தார். சூசை, அண்ணிக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று ஜாடை காட்டினான். அதற்குள் லாரியிலிருந்து லுங்கி கட்டின ஒருவர் இறங்கிவந்தார். மோர் விற்கிற பெண் தள்ளுவண்டியை விட்டுவிட்டு வந்தாள். பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பெண் பிள்ளைகள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பாவாடையைச் செருகினார்கள். நான் கீழே இறங்கி, வண்டிக்குப் பின்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். கோழி தன் குஞ்சுகளைக் காப்பாற்றுகிற மாதிரி. "யாரும் வேணாம், போங்க, புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினேன். அவர்கள் போகவில்லை. தள்ளாவிட்டால் பரவாயில்லை என்று ஒருவர் எனக்குக் குடை பிடித்தார். அந்தப் பெண் மோர் கொடுத்தாள். பம்பு ஆறும்வரை அந்தக் கூட்டம் அங்கேயே நின்று, இந்த வண்டி ஓடுமா ஓடாதா என்று தங்களுக்குள் சண்டை போட்டது. சூசை கைப்பிடியைச் சுற்றினான். ஓடியது.

இன்னொரு தடவை நின்றது, எர்ணாவூரில். அங்கேயும் அதே கதை, அங்கேயும் வேறு ஆட்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இந்த ஊரில் தள்ள ஆள் தேட வேண்டியதில்லை, தள்ளாமல் தடுக்கத்தான் ஆள் வேண்டும்.

எண்ணூரில் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போய் நிறுத்தினோம். மணல் முன்போல இல்லை. கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் புகைபோக்கிகள், தண்ணீரும் முன்போல நிறமில்லை. அதைப் பற்றி எழுதினால் வேறு கட்டுரை ஆகிவிடும். சூசை பானட்டைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். நான் கல்லில் உட்கார்ந்து சேவியரைப் போனில் கூப்பிட்டேன்.

"எண்ணூர் வந்துட்டேன்டா."

"வழியில நின்னுச்சா?"

"நின்னுச்சு. ரெண்டு வாட்டி. ஒரு கை படல. நான் பட வுடல."

"முதல்லயே தள்ளிட்டாங்களேம்மா."

"ஆமா, தள்ளிட்டாங்க. இல்லன்னு சொல்ல மாட்டேன்." நான் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டேன். "நீ எப்பவும் கேப்பியே, உனக்கு ஏதாவது ஆனா அங்க யாரு இருக்கான்னு. காலைல போன்ல பாத்தியே, எத்தினி கைன்னு. அதுல பாதிப் பேரோட பேரு எனக்கே தெரியாது. நடு ரோட்டுல கட்டிப் புடிச்சுத் தடுத்தாலும் வந்து நிக்கிறானுங்க. இவனுங்ககிட்டருந்து என்னைக் காப்பாத்தத்தான்டா ஆளு வோணும்."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? அந்த வண்டி ஓடக் கூடாதுன்னுதான் நான் நினைச்சுட்டு இருந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சாமானெல்லாம் தூக்கிட்டுப் போனே?"

"நீயும்தான் ஒவ்வொண்ணாத் தேடி வாங்கிக் குடுத்தே."

கடல் பக்கமிருந்து காற்று போனுக்குள் புகுந்து இரைந்தது. நான் சொல்வது அவன் காதில் விழாதோ என்று போனை முந்தானையால் மூடிக்கொண்டேன். சொல்ல வேண்டாம் என்று இத்தனை நாள் வைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

"சேவியரு, நீ கிளம்பின அன்னிக்கு என் கால்ல வுழுந்து ஆசீர்வாதம் கேட்டியே. நான் குடுத்தேனா இல்லியா?"

"குடுத்தியேம்மா."

"எத்தினி நிபந்தனை போட்டேன்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறானோ என்று பயந்தேன். கோபமாகச் சொல்லவில்லை, அவனுக்கும் அது தெரியும். சூசை இரண்டு டீ எடுத்துக்கொண்டு வந்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதே டீயோடு திரும்பி வண்டிப் பக்கம் போய்விட்டான்.

அப்புறம் சேவியரின் குரல் வந்தது. இஞ்சினீயர் குரல். வேலை பேசுகிற குரல்.

"பிரஷர் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு?"

"இருக்கு, ஒரு மாசத்துக்கு."

"அது அங்க வேற பேர்ல கிடைக்கும். சித்தப்பாவுக்கு எழுதி அனுப்பறேன். படிக்கட்டுக்குக் கைப்பிடி போடச் சொல்லு. ராத்திரி விளக்கு ஒண்ணு எரியட்டும்."

"சரிடா."

"அப்புறம்..." என்று நிறுத்தினான். "உன் ரூம்ல குளிருக்குப் போடற சட்டையெல்லாம் இருக்கும்மா. கோட்டு, சால்வை, அந்த நீலத் தொப்பி. பார்சல்ல அனுப்பிடட்டா, யாருக்காவது குடுத்துடட்டா?"

ராயபுரத்தில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் எங்கே போவேன்? சட்டென்று, குடுத்துடுடா என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது கிடைத்துவிட்டது, கண்ணெதிரே கடல் இருக்கிறது, வீட்டுக்குக் கூட்டிப்போக வண்டி நிற்கிறது. காற்றில் புடவை படபடவென்று அடித்துக்கொண்டது.

"இருக்கட்டும்டா" என்றேன். "அங்கேயே மாட்டி வையி."